கம்பளத்தைத் திருப்பிப் பாருங்கள்: வாசகர் கேள்வி பதில்

கையால் நெய்த கம்பளிக் கம்பளங்கள் பற்றி வந்த கேள்விகளில், இந்த இதழுக்குப் பறவைக் கம்பளங்களை எடுத்துக்கொண்டோம். கேட்டவர்கள் வீட்டில் இருப்பவை ஈரான், துருக்கி, காகசஸ் கம்பளங்கள். இரண்டு பேர் வீட்டிலேயே கம்பளிக்குச் சாயம் ஏற்றிப் பார்க்கிறார்கள். அவர்களுக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்லியிருக்கிறோம்.

துபாயில் பல வருடம் இருந்த என் மாமா ஒரு ஈரான் கம்பளம் கொண்டுவந்தார். நடுவில் நீண்ட வாலோடு ஒரு பறவை. கடைக்காரர் ‘சீமுர்க்’ என்றாராம். வீட்டில் எல்லோரும் மயில் என்கிறார்கள், பாட்டி மட்டும் கருடன் என்கிறார். எது சரி?
– வாசகி, திருநெல்வேலி

வாலைப் பாருங்கள். மயில் என்றால் தோகையில் வட்டக் கண்கள் இருக்கும், தலையில் கொண்டை நிற்கும். சீமுர்க்கின் வாலில் கண் கிடையாது. நாடா நாடாவாகப் பிரிந்து, ஓரம் ரம்பப் பல்போல வெட்டுப்பட்டு, காற்றில் நெளிகிற நாலைந்து இறகுகள் இருக்கும். அலகு கழுகுக்குப் போல வளைந்திருக்கும். பக்கத்தில் சுருள் மேகமோ, அதோடு மல்லுக்கட்டும் டிராகனோ இருந்தால் சந்தேகமே வேண்டாம், அது சீமுர்க்.

பாட்டி சொன்னதும் பொருத்தமில்லாததல்ல. ஈரானியருக்குச் சீமுர்க் காக்கும் பறவை. ஃபிர்தௌஸி பாடிய ஈரானியக் காப்பியமான ஷாநாமாவில், வெள்ளை முடியோடு பிறந்ததற்காகத் தந்தை ஸாம் மலையில் விட்டுவிட்ட குழந்தை ஸாலை எடுத்து வளர்ப்பது இந்தப் பறவைதான். பிரியும்போது தன் இறகைக் கொடுத்து, ஆபத்தில் இதை எரி, வருகிறேன் என்கிறது. ஸாலின் மனைவி ருதாபா பிரசவத்தில் தவித்தபோது வந்து, வயிற்றைக் கீறி ருஸ்தமை எடுக்க வழி சொன்னதும் அதுவே.

உருவத்துக்கு வேறொரு வரலாறு உண்டு. இஸ்லாத்துக்கு முந்தைய சாசானியர் காலத்தில் சீமுர்க்குக்கு நாய்த் தலை, மயில் வால். 13-ஆம் நூற்றாண்டில் மங்கோலியர் ஈரானை ஆண்டபோது சீனத்துப் பட்டும் பாத்திரமும் வந்தன. அவற்றோடு ஃபெங்ஹுவாங் என்ற சீனப் பறவையின் வடிவமும் வந்தது. ஈரானிய ஓவியர்கள் கதையைத் தங்களதாகவே வைத்துக்கொண்டு உருவத்தை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். உங்கள் மாமாவின் கம்பளத்தில் நெளிகிற வால் அப்படி வந்ததுதான்.

இந்தப் பறவை துருக்கிக்கும் போனது. பெர்லின் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தில் டிராகனும் பீனிக்ஸும் (ஃபெங்ஹுவாங்குக்கு மேற்கத்தியர் வைத்த பெயர்) எதிரெதிரே நிற்கும் ஒரு சிறு அனத்தோலிய, அதாவது துருக்கியக் கம்பளம் இருக்கிறது. அளவு 172 × 90 செ.மீ. ஜெர்மன் கலை வரலாற்றாளர் வில்ஹெல்ம் போடே அதை 1886-இல் ரோமில் வாங்கினார். கிட்டத்தட்ட அதே கம்பளத்தை இத்தாலியின் சியேனா நகர மருத்துவமனைச் சுவரில் ஓவியர் தொமேனிக்கோ தி பார்தொலோ 1440-களின் தொடக்கத்திலேயே வரைந்துவிட்டார். 1925-இல் சுவீடனில் மார்பி என்ற ஊர்த் தேவாலயத்தில் கிடைத்த கம்பளத்தில் ஒரு மரத்துக்கு இருபுறமும் இரண்டு பறவைகள். இந்த இரண்டிலும் வளைவே இல்லை, எல்லாம் கோணம். காகசஸின் ‘அக்ஸ்தாஃபா’ கம்பளங்களில் சீப்புப் பல் போன்ற வாலோடு வரிசையாக நிற்கும் பெரிய பறவைகளும் இதே கோண வகைதான்.

ஒரு எச்சரிக்கை. பெயரில் பறவை இருந்தால் கம்பளத்தில் பறவை இருக்க வேண்டும் என்பதில்லை. மேற்குத் துருக்கியின் வெள்ளைத்தரைக் கம்பளங்களை ஐரோப்பியர் ‘பறவைக் கம்பளம்’ என்றே அழைத்தார்கள். உற்றுப் பார்த்தால் பறவைபோலத் தெரிபவை பூக்களுக்கு நடுவே வைத்த இலைகள்.

இணையத்தில் பார்த்த சீமுர்க் ஓவியம்போல வளைந்து இருக்கிறது. கடையில் எனக்குக் காட்டியதோ படிக்கட்டு மாதிரி. விலை குறைவு என்பதால் வேலையில் சோம்பலா?
– வாசகர், சென்னை

சோம்பல் இல்லை. முடிச்சு ஒவ்வொன்றும் ஒரு கட்டம், கட்டங்களை வைத்துத்தான் வளைவைக் காட்ட முடியும். கட்டம் பெரிதானால் படிக்கட்டு தெரியும்.

கம்பளத்தைத் திருப்பிப் போட்டு, அளவுநாடாவை வைத்து, அகலவாக்கில் 10 செ.மீ., நீளவாக்கில் 10 செ.மீ. எண்ணுங்கள். அகலத்தில் 30, நீளத்தில் 35 வந்தால் ஒரு சதுர மீட்டரில் 1,05,000 முடிச்சு. நல்ல கிராமத்துக் கம்பளத்துக்கு இது கௌரவமான எண்ணிக்கை. அதில் ஒரு முடிச்சின் அகலம் 3 மி.மீ.க்குச் சற்று மேல். பறவையின் அலகு 3 செ.மீ. என்றால் நெசவாளருக்குக் கிடைப்பது 9 முடிச்சு. ஒன்பது கட்டத்தில் கழுகு அலகை வளைக்கச் சொன்னால் யாராக இருந்தாலும் கொக்கிபோலத்தான் போடுவார்.

ஈரானின் தப்ரீஸ் போன்ற நகரங்களில் 7 செ.மீ.க்கு எத்தனை முடிச்சு என்று எண்ணுவார்கள். அதற்கு ‘ரஜ்’ என்று பெயர். 50 ரஜ் கம்பளத்தில் ஒரு முடிச்சு 1.4 மி.மீ. அதே 3 செ.மீ. அலகுக்கு 21 முடிச்சு கிடைக்கிறது. கண்ணுக்குள் கருவிழியும் ஒரு வெள்ளைப் புள்ளியும் வைக்க இடம் வந்துவிடும். சதுர மீட்டருக்குச் சுமார் 5,10,000 முடிச்சு. ஒருவர் நாளைக்கு 8,000 முடிச்சு போடுகிறார் என்று வைத்துக்கொண்டால், 1.2 × 1.8 மீட்டர் கம்பளம் கிராமத்து அடர்த்தியில் 28 நாள், 50 ரஜ் அடர்த்தியில் நாலரை மாதம். விலை வித்தியாசத்தில் பெரும்பகுதி அந்த நாட்களின் கூலி.

எண்ணும்போது எல்லோரும் செய்கிற தவறு ஒன்று உண்டு. ஒவ்வொரு முடிச்சும் இரண்டு பாவு இழைகளை, அதாவது நீளவாக்கில் ஓடும் இழைகளை, சுற்றுகிறது. அதனால் முதுகில் ஒரே நிறத்தில் இரண்டு மேடுகள் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். நிறம் எப்போதும் இரண்டிரண்டாகவே மாறினால், அந்த இரண்டும் சேர்ந்துதான் ஒரு முடிச்சு. இதைக் கவனிக்காமல் எண்ணினால் கணக்கு இரட்டிப்பாகிவிடும். பாவு இழைகளில் ஒன்று பின்னுக்கு அமுங்கிய நெசவில் ஒரு மேடுதான் தெரியும், அங்கே ஒரு மேடு ஒரு முடிச்சு.

முடிச்சே இல்லாத கிலிம் நெசவில் கதை வேறு. அங்கே ஒவ்வொரு நிறத்தின் ஊடையும், அதாவது குறுக்கே ஓடும் இழையும், தன் எல்லைவரை போய்த் திரும்புகிறது. இரண்டு நிறம் நேர்க்கோட்டில் மேலே மேலே சந்தித்தால் நடுவில் பிளவு விழும். பிளவு நீண்டால் கம்பளம் அங்கே கிழியும். அதனால் இரண்டு மூன்று ஊடைக்கு ஒரு தடவை எல்லையை ஒரு பாவு தள்ளிப் போடுவார்கள். கிலிம் பறவையின் சிறகு சாய்ந்தும், கழுத்து படிப்படியாகவும் இருப்பது அதனால்தான். எங்களைக் கேட்டால், வளைவை வலிந்து கொண்டுவந்த சுமாரான நகரக் கம்பளத்தைவிட, நெசவின் போக்கிலேயே நிற்கிற கோணப் பறவைக்குத்தான் உயிர் அதிகம்.

ஈரான் கம்பளத்தின் அந்தச் சிவப்பை வீட்டில் கொண்டுவர முடியுமா? நாட்டு மருந்துக் கடையில் மஞ்சிட்டி கிடைக்கிறது. முதல் முயற்சியில் செங்கல் பழுப்புதான் வந்தது.
– வாசகி, ஈரோடு

முடியும், ஒரு சின்ன வித்தியாசத்தோடு. அங்கே பயன்படுவது ரூபியா டிங்க்டோரம் என்ற செடியின் வேர். ஈரானில் ‘ரூனாஸ்’, துருக்கியில் ‘கோக் போயா’, அதாவது வேர்ச்சாயம். அதில் அலிசரின் என்ற சிவப்பு நிறப்பொருள் அதிகம். நம் மஞ்சிட்டி அதன் சொந்தக்கார இனம்தான். ஆனால் அதில் பர்ப்யூரின், முஞ்சிஸ்டின் என்ற வேறு நிறப்பொருள்கள் முன்னால் நிற்கும், அலிசரின் சொற்பம். அதனால் மஞ்சிட்டிச் சிவப்பில் கொஞ்சம் ஆரஞ்சுச் சாயல் இருக்கும். சோழமண்டலக் கரையில் பருத்திக்குப் பயன்பட்ட சாயவேரில், அதாவது இம்பூறலில், அலிசரின் உண்டு. அது கிடைத்தால் கலந்து பாருங்கள்.

அளவை 100 கிராம் கம்பளி நூலுக்குச் சொல்கிறோம்.

முதலில் நூலைச் சிட்டமாகச் சுற்றி நாலு இடத்தில் தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கிக் கட்டினால் அந்த இடம் வெள்ளையாகவே நின்றுவிடும். கை பொறுக்கும் சூட்டில், 45–50 டிகிரி நீரில், சில துளி காரமில்லாத திரவ சோப்பு விட்டு அரை மணி நேரம் ஊறவிடுங்கள். கசக்கக் கூடாது. ரோமத்தின் எண்ணெய்ப் பசை போகாத இடத்தில் சாயம் திட்டுத்திட்டாகத்தான் ஏறும்.

அடுத்து படிகாரம். சாயத்தைக் கம்பளியோடு பிணைப்பது இதுதான், இது இல்லாமல் மஞ்சிட்டி நிற்காது. 15 கிராம் படிகாரத்தையும் 5 கிராம் கிரீம் ஆஃப் டார்ட்டரையும் வெந்நீரில் தனியே கரைத்து, 4 லிட்டர் நீரில் சேருங்கள். (கேக் சாமான் விற்கும் கடையில் கிரீம் ஆஃப் டார்ட்டர் கிடைக்கும்.) நனைந்த நூலை அதில் இறக்கி, ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டு 85–90 டிகிரிக்குக் கொண்டுபோய், முக்கால் மணி நேரம் அதே சூட்டில் வையுங்கள். அடுப்பை அணைத்து, நீர் தானாக ஆறும்வரை நூல் உள்ளேயே கிடக்கட்டும். அவசரப்பட்டுச் சூடாக்கினால் படிகாரம் மேலோட்டமாகப் பிடிக்கும், நிறம் மேலே நின்று உதிரும். நிறம் கூடட்டும் என்று 25, 30 கிராம் போடாதீர்கள். நூல் பிசுபிசுத்து, காய்ந்தபின் சொரசொரப்பாகிவிடும்.

மஞ்சிட்டி 100 கிராம் எடுத்து இடித்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை பச்சைத் தண்ணீரில் அலசி, அந்தப் பழுப்பு நீரைக் கொட்டிவிட்டு, துணிப்பையில் கட்டி 4 லிட்டர் நீரில் இரவு முழுக்க ஊறவையுங்கள். பையில் கட்டாவிட்டால் வேர்த்தூள் நூலில் ஒட்டி, நாள் முழுக்கப் பொறுக்க வேண்டியிருக்கும். காலையில் நூலை இறக்கி, மெல்ல மெல்ல 60–65 டிகிரிக்கு ஏற்றி, ஒரு மணி நேரம் வையுங்கள். பிறகு நூல் அந்த நீரிலேயே ஆறட்டும்.

நீங்கள் பழுப்பு கண்டதற்குக் காரணம் இந்தச் சூடாகத்தான் இருக்கும். 70-ஐத் தாண்டினால் வேரிலிருந்து பழுப்பு நிறப்பொருள்களும் இறங்கத் தொடங்கும். கொதித்தால் சிவப்பு தோற்றுவிடும். சமையலறை வெப்பமானி ஒன்று வாங்குவது இந்த வேலைக்கு மிக அவசியம். வெப்பமானி இல்லையென்றால், நீரின் மேல் ஆவி தெரிய வேண்டும், அடியில் குமிழி எழக் கூடாது.

நீரும் முக்கியம். சுத்திகரிப்பு எந்திரத்தில் வந்த மென்னீரில் மஞ்சிட்டி மந்தமாகவே நிறம் கொடுக்கும், அதற்குச் சுண்ணச்சத்து வேண்டும். 2 கிராம் சாக்குத்தூள் (கால்சியம் கார்பனேட்) சேர்த்தால் சிவப்பு தெளியும். ஈரோட்டு ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமாக இருந்தால் எதுவும் சேர்க்க வேண்டாம்.

நூலை எடுத்தபின் அந்த நீரைக் கொட்டாதீர்கள். இரண்டாவது சிட்டத்துக்கு அது இளஞ்சிவப்போ ஆரஞ்சோ தரும். சீமுர்க்கின் ஒரே சிறகில் மூன்று சிவப்புகள் தெரிவது பல கம்பளங்களில் ஒரே தொட்டியின் முதல், இரண்டாம், மூன்றாம் தோய்ப்புகளே.

நீலம் கலந்த ஆழ்சிவப்பு வேண்டுமென்றால் அது மஞ்சிட்டியால் ஆகாது. அதற்கு அரக்கு வேண்டும். 16, 17-ஆம் நூற்றாண்டின் சஃபவி அரசர் காலக் கம்பளங்களில் தரை முழுவதும் ஓடும் அந்த ஆழ்சிவப்பு, பெரும்பாலும் இந்தியாவிலிருந்து போன அரக்குச் சாயம்தான்.

இரும்பு அண்டாவில் சாயம் காய்ச்சினேன். சிவப்பு கருத்துப்போய்விட்டது. சரிசெய்ய வழி உண்டா?
– வாசகர், ஒரத்தநாடு

இல்லை. இரும்பு மஞ்சிட்டிச் சிவப்பைக் கத்தரிப்பூ நிறத்துக்கும் பழுப்புக்கும் இழுத்துவிடும், திரும்பாது. அந்த நூலை வீணாக்க வேண்டாம், பறவையின் கால், நகம், நிழல் இவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை எவர்சில்வர் அல்லது எனாமல் பாத்திரம். கிளறும் கரண்டியும் துருப்பிடிக்காததாக இருக்கட்டும். இந்தப் பாத்திரங்களில் திரும்பச் சமைக்கக் கூடாது.

கம்பளத்தின் நீலச் சிறகைத் தொட்டால் கையில் நீலம் ஒட்டுகிறது. பச்சையாக இருந்த இலைகள் நீலமாகிக்கொண்டே வருகின்றன. இரண்டும் ஒரே கோளாறா?
– வாசகர், புதுச்சேரி

இரண்டும் வேறு வேறு.

நீலம் அவுரியிலிருந்து வருவது. அவுரிச் சாயம் நீரில் கரையாது. கோதுமைத் தவிடு, ரூனாஸ் வேர், சாம்பல் காரம் சேர்த்து 50 டிகிரி அளவு வெதுவெதுப்பில் புளிக்கவைத்தால் அது நிறமிழந்து கரையும். தயாரான தொட்டியைக் கண்ணாலேயே சொல்லலாம்: மேலே செம்பு மினுக்கும் ஏடும் நீல நுரையும், ஏட்டை ஒதுக்கினால் உள்ளே மஞ்சளும் பச்சையும் கலந்த தெளிந்த நீர். நூலை மூழ்கவைத்து 5, 10 நிமிடத்தில் எடுத்தால் பச்சையாக வரும். காற்றுப் பட்டதும் கண்முன்னே நீலமாகும். கால் மணி நேரம் காற்றாட விட்டு மறுபடி தோய்ப்பார்கள். ஆழ்நீலத்துக்கு ஐந்தாறு தோய்ப்பு வேண்டும்.

தொட்டி நன்றாகப் புளிக்கும் முன்பே, நீர் இன்னும் நீலமாக இருக்கும்போதே நூலைப் போட்டால், கரையாத நீலம் தூளாக இழைமேல் அமர்ந்துவிடும். ஒரே தோய்ப்பில் ஆழ்நீலம் எடுக்கப் பார்த்தாலும் இதே கதி. உங்கள் கையில் ஒட்டுவது அந்தத் தூள். ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு நிமிடம் அழுத்தி எடுங்கள். இலேசான நீலத் தடம் மட்டும் என்றால் பயமில்லை, இரண்டு மூன்று அலசலில் நிற்கும். பக்கத்து வெள்ளைப் பூவிலும் நீலம் பரவியிருந்தால் கழுவக் கொடுக்கும் முன் அதைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

பச்சை என்பது தனிச் சாயம் இல்லை. முதலில் அவுரி நீலம், பிறகு படிகாரம், அதன்மேல் மஞ்சள் நிறச் சாயம். மஞ்சள் வெளுத்தால் அடியிலிருக்கும் நீலம் வெளியே வரும். துருக்கியிலும் ஐரோப்பாவிலும் பயன்பட்ட ரெசெடா செடியின் மஞ்சள் வெயிலை நன்றாகத் தாங்கும். நம் சமையல் மஞ்சள் கம்பளியில் எவ்வளவு அழகாக ஏறினாலும் சில வாரத்து வெயிலுக்கே போய்விடும், அதைக் கம்பளத்துக்கு நாங்கள் பரிந்துரைக்கவே மாட்டோம். உங்கள் கம்பளத்தில் வெளுத்தது வெளுத்ததுதான். மிச்சம் நிற்க வேண்டுமானால் சன்னல் வெயில் நேரே விழாத இடத்துக்கு மாற்றுங்கள்.

‘முழுக்க இயற்கைச் சாயம்’ என்று சொல்லித்தான் எல்லோரும் விற்கிறார்கள். எப்படி நம்புவது?
– வாசகி, கோயம்புத்தூர்

மூன்று இடங்களைப் பாருங்கள்: முதுகு, மேலிழையின் நுனி, மேலிழையின் அடி. மேலிழை என்பது முடிச்சிலிருந்து முன்பக்கம் நீட்டி நிற்கும் இழை. கம்பளத்தை மடித்து இழைகளைப் பிரித்தால் முடிச்சு வரை தெரியும். நுனி சாம்பல், அடி பளீர் ஊதா என்றால் அது 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் பரவிய ஆரம்பகால ரசாயனச் சாயமாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். 1856-இல் ஆங்கிலேய வேதியியலாளர் பெர்கின் கண்டுபிடித்த மாவ் என்ற வெளிர் ஊதாச் சாயத்துக்குப் பிறகு அடுத்தடுத்து வந்த அந்தச் சாயங்கள் வெயிலில் நிறமே மாறிப்போகும். வேர்ச்சாயமும் வெளுக்கும், ஆனால் தன் குடும்பத்துக்குள்ளேயே வெளுக்கும்: அடர்சிவப்பு இளஞ்சிவப்பாகும், சாம்பலாகாது. இயற்கைச் சாயம் வெளுக்கவே வெளுக்காது என்று ஒருவர் சொன்னால் அவருக்குச் சாயம் தெரியாது என்று வைத்துக்கொள்ளலாம்.

கண்ணால் முடியாத இடமும் உண்டு. வேரின் அலிசரினை 1868-இல் ஜெர்மனியில் செயற்கையாகச் செய்துவிட்டார்கள். செயற்கை அவுரி 1897-இல் சந்தைக்கு வந்தது. செயற்கை அவுரியும் செடி அவுரியும் ஒரே மூலக்கூறு, எந்தக் கடைக்காரராலும் பார்த்துச் சொல்ல முடியாது. சிவப்பில் மட்டும் ஆய்வகம் உதவும். வேரில் அலிசரினோடு பர்ப்யூரினும் இருக்கும், செயற்கையில் அது இருக்காது.

வாங்கும்போது சாயம் எந்தச் செடியிலிருந்து என்று நிறம் நிறமாகக் கேளுங்கள். துருக்கியில் 1981-இல் ஹரால்ட் போமர் என்ற ஜெர்மானிய வேதியியல் ஆசிரியரின் ஆய்வை வைத்து, அய்வஜிக் வட்டாரக் கிராமங்களில் டோபாக் என்ற திட்டம் தொடங்கியது. பழைய கம்பளங்களின் சாயங்களை ஆய்ந்து, மறந்துபோன வேர்ச்சாய முறைகளை நெசவாளர்களுக்குத் திரும்பக் கற்றுக்கொடுத்தார்கள். அப்படி உழைத்து நெய்பவர்கள் எந்தச் சாயம் எங்கிருந்து என்பதைச் சொல்லத் தயங்க மாட்டார்கள். பதில் ‘காய்கறிச் சாயம்’ என்பதோடு நின்றுவிட்டால் நாங்கள் வாங்க மாட்டோம்.

ஈரப் பஞ்சால் தடவிப் பார்ப்பதையும் மறக்க வேண்டாம். வெளுத்த பறவைக்கு மார்க்கர் பேனாவால் நிறம் பூசி விற்பது உண்டு. பஞ்சில் அது வந்துவிடும், முதுகில் அந்த நிறமே இருக்காது.

ஒரே சிறகில் பாதி இருண்ட நீலம், பாதி வெளிர்நீலம். கடைக்காரர் ‘அப்ராஷ்’ என்று பெயர் சொல்லிச் சமாளிக்கிறார்.
– வாசகர், மதுரை

அவர் சொல்வது சரி. ஒரே நிறம் தொட்டிக்குத் தொட்டி சற்று மாறித் தெரிவதற்குத்தான் அப்ராஷ் என்று பெயர். சிறு தொட்டியில் ஒரு தடவைக்குச் சில கிலோ நூலுக்குத்தான் சாயம் ஏறும். அந்த நூல் தீர்ந்ததும் அடுத்த தொட்டி, அது முந்தையதுபோலவே வராது. ஒன்று மட்டும் பாருங்கள். நிற மாற்றம் ஊடைவாக்கில், கம்பளத்தின் அகலத்துக்குக் குறுக்குக் கோடாக இருக்க வேண்டும், முதுகிலும் அதே கோடு தெரிய வேண்டும். முன்பக்கம் மட்டும் திட்டாக இருந்தால் அது வெயிலோ கறையோ.

பறவையைச் சுற்றியுள்ள கறுப்புக் கோடு மட்டும் பள்ளமாகத் தேய்ந்திருக்கிறது. பூச்சியா?
– வாசகி, நாகர்கோவில்

பூச்சிக்கு நிறம் பார்க்கத் தெரியாது. பூச்சி அரித்தால் கறுப்பும் சிவப்பும் சேர்ந்து போகும், ஓரம் தாறுமாறாக இருக்கும். கறுப்பு மட்டும், அதுவும் கோட்டின் நெடுக ஒரே சீராகத் தாழ்ந்திருந்தால் காரணம் சாயம். கருவாலி மரத்துக் காயோடு இரும்பு உப்பைச் சேர்த்து எடுக்கும் கறுப்பு, ஆண்டுகள் போகப் போக இழையை நொறுங்கவைக்கும். சுற்றிலும் உள்ள இழை உயர்ந்து நிற்க, பறவை புடைத்துத் தெரியும். பழைய கம்பளத்தில் இதைக் குறையாக யாரும் கொள்வதில்லை. புதுக் கம்பளத்தில் இப்படி இருந்தால், பழையதாகக் காட்டக் கத்தரித்திருக்கிறார்கள். நுனிகள் எல்லாம் ஒரே மட்டத்தில் கூராக வெட்டுப்பட்டிருக்கும், தேய்ந்த நுனி அப்படி இருக்காது. நீங்களே நெய்வதானால் கோட்டுக்குக் கருநிற ஆட்டின் ரோமத்தைச் சாயமே இல்லாமல் வைப்பது உத்தமம்.

மழைக்காலத்தில் கம்பளம் வாடை அடிக்கிறது, அடியில் சிறு பட்டுக்கூடு மாதிரி ஏதோ இருக்கிறது. எப்படிக் கழுவுவது, எப்படி வைப்பது?
– வாசகி, சென்னை

மழைக்காலத்தில் கழுவவே கூடாது. பாவு பருத்தியாக இருந்தால் உள்ளே ஈரம் தங்கி, இழை உளுத்து, மடிக்கும்போது சட்டென்று முறியும். வெயில் நிச்சயமான நாளில், ஒரே நாளில் காய்ந்துவிடும் என்றால் மட்டும் இறங்குங்கள். முதலில் ஒவ்வொரு நிறத்தையும் ஈர வெள்ளைத் துணியால் அழுத்திச் சோதியுங்கள். ஒரு நிறம் இறங்கினாலும் வீட்டில் கழுவ வேண்டாம். பச்சைத் தண்ணீர், கம்பளிக்கான காரமில்லாத திரவ சோப்பு, மென்மையான தூரிகை, மேலிழை சாய்ந்திருக்கும் திசையில் மட்டும் இழுப்பு. துணி துவைக்கும் தூளில் புரதக்கறையைக் கரைக்கும் என்சைம் பெரும்பாலும் இருக்கும். கம்பளியே புரதம், அது கம்பளத்தையும் சேர்த்துத் தின்னும். தூளின் காரம் வேர்ச்சிவப்பை ஊதாப் பக்கமும் தள்ளும். கடைசி அலசலில் 10 லிட்டருக்கு அரை கப் வினிகர் விட்டு, சமதளத்தில் நிழலில் உலர்த்துங்கள். கொடியில் போட்டால் ஈர எடையில் கோணிப்போகும்.

அந்தக் கூடு அந்துப்பூச்சியுடையது. ஒரு பெண் அந்து 40 முதல் 50 முட்டை இடும். கம்பளியைத் தின்பது பறக்கும் அந்து அல்ல, இருட்டில் ஒளியும் புழு. சோபாவுக்கு அடியில், ஆள் நடமாட்டம் இல்லாத ஓரத்தில்தான் முதலில் ஓட்டை விழும். வாசனைப் பொருள்களை நம்பாதீர்கள். வேப்பிலையும் வசம்பும் புதிதாக வரும் அந்தைக் கொஞ்சம் விலக்கலாம், உள்ளே இருக்கும் புழுவைக் கொல்லாது.

கொல்வது குளிர். உறிஞ்சு கருவியால் முன்னும் பின்னும் எடுத்தபின் கம்பளத்தைப் பாலித்தீனில் காற்றுப் புகாமல் சுற்றி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பிரிக்காதீர்கள். ஒரு நாள் முழுக்க அறை வெப்பத்துக்கு வரட்டும், இல்லையென்றால் குளிர்ந்த இழையில் காற்றின் ஈரம் நீராய்ப் படிந்துவிடும். பெரிய கம்பளம் உறைபெட்டியில் அடங்காது, நல்ல கழுவுநரிடம் கொடுங்கள்.

எடுத்து வைப்பதானால் மடிக்கக் கூடாது. குழாயில், மேலிழை சாயும் திசையில், மேலிழை வெளிப்பக்கம் வரும்படி சுருட்டி, துவைத்த பருத்தித் துணியால் மூடுங்கள். பாலித்தீன் உறைபெட்டிக்கு மட்டும், மாதக்கணக்கில் வைத்தால் ஈரம் உள்ளே அடைபட்டுப் பூசணம் பிடிக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை விரித்துத் தட்டி, முதுகைக் கையால் தடவிப் பாருங்கள். அரிசிபோல் சொரசொரவென்று தட்டுப்பட்டால் புழு திரும்பிவிட்டது.

சுவரில் மாட்டலாமா? பறவையின் தலை எந்தப் பக்கம் வர வேண்டும்?
– வாசகர், திருச்சி

எடை தாங்கும் சிறிய கம்பளம் என்றால் மாட்டலாம். மேல் ஓரத்தின் பின்னால் 5 செ.மீ. அகலப் பருத்தி நாடாவோடு வெல்க்ரோவைத் தைத்து, மறுபாதியைச் சுவர்ப் பலகையில் அடியுங்கள். எடை ஓரம் முழுக்கப் பரவும். ஆணி இரண்டு மூலையில் அடித்தால் நடுப்பகுதி தொங்கி, குஞ்சம் பக்கம் பாவு அறுந்துவிடும்.

திசைக்குக் கையை மேலிழையில் நீளவாக்கில் தடவுங்கள். வழுவழுப்பாகப் போகும் திசையின் கடைசியில் இருப்பது நெசவு தொடங்கிய முனை, அதைக் கீழே வையுங்கள். மேலிழை கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் தூசி தங்காது. சில நெசவாளர்கள் பறவையைத் தலைகீழாகவே நெய்திருப்பார்கள், அப்போது தலையை மேலே வைத்துத் தூசியைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பறவைகள் எதிரெதிர்த் திசையில் இருக்கும் கம்பளங்களில் இந்தக் கவலையே இல்லை. எந்தப் பக்கம் மேலே வந்தாலும் ஒரு பறவை நேராகத் தெரியும்.